சிறுமலைச் சரிவில் ஒரு சாண் கறுப்பு மண்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் சிறுமலைப் பிரிவில் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போகலாம். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில், வளைவின் உட்பக்கம், மண் செங்குத்தாக அறுபட்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு போனால் அந்த வெட்டுமுகம் துலக்கமாகத் தெரியும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே சருகு. அதன் கீழே ஒரு சாண் அளவுக்குக் கறுப்பும் பழுப்புமான மண். அதில் நூல் நூலாக வேர்கள் பின்னிக் கிடக்கும். அதற்கும் கீழே சிவப்பு, சில இடங்களில் ஒரு முழம், சில இடங்களில் ஓராள் உயரம். அப்புறம் மண்ணா கல்லா என்று சொல்ல முடியாத ஓர் அடுக்கு. பார்வைக்குப் பாறை, விரலால் அழுத்தினால் உதிரும். அதன் அடியில் கருங்கல்.

மலைக்காட்டுச் சரிவின் மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்த ஒரு வெட்டுமுகத்திலேயே இருக்கிறது. மலை மண் என்றாலே வளமான மண் என்று நம் ஊரில் பேச்சு. நட்டால் நட்டது வரும், உரமே வேண்டாம் என்பார்கள். ஆனால் அந்த வளம் முழுக்க மேலே உள்ள ஒரு சாணில்தான் இருக்கிறது. அந்தச் சாணும் பாறை தந்ததில்லை, காடு செய்தது. காடு போனால் சில ஆண்டுகளிலேயே அதுவும் போய்விடும். மிஞ்சுவது நம் மானாவாரி நிலங்களில் இருப்பதைவிட மட்டமான செம்மண். மலையில் நிலம் இல்லாதவர்களுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்தான். அந்த ஒரு சாண் மண் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடிவாரத்துக் கிணறுகளில் நீர் மட்டம் நிற்கிறது.

கீழிருந்து மேலாகப் பார்ப்போம். சிறுமலையும் எதிரே இருக்கும் பழனி மலைத்தொடரும் பெரும்பாலும் ஒரே வகைப் பாறையால் ஆனவை. கல்லுடைக்கிறவர்களுக்கு அது கருங்கல்; புவியியலாளர்கள் சார்னோகைட் என்கிறார்கள். கரும்பச்சை நிறம், புதிதாக உடைத்த முகத்தில் ஓர் எண்ணெய்ப்பசை மினுமினுப்பு. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கொல்கத்தா நகரம் உருவாகக் காரணமானவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் கொண்டுபோனார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1893-ல் அந்தக் கல்லை வைத்தே இந்தப் பாறை வகைக்குப் பெயரிட்டார். தமிழ்நாட்டு மலைகளின் எலும்பாக இருக்கும் ஒரு பாறை, கொல்கத்தாவில் இருக்கும் ஒரு சமாதியின் பெயரால் உலகம் முழுக்க அறியப்படுகிறது.

இந்தப் பாறையில் மூன்று பொருள்கள் முக்கியம். ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிறிய தாது, இரும்பும் மெக்னீசியமும் சேர்ந்த கரும் தாது, குவார்ட்ஸ். மழைநீர் காற்றிலும் வேர்களைச் சுற்றியும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறை இடுக்குகளில் இறங்குகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரைச் சிறுகச் சிறுகக் களியாக மாற்றுகிறது. அப்போது அதிலிருந்த சாம்பல் சத்து, சுண்ணாம்பு, சோடியம் எல்லாம் விடுபட்டு நீரோடு போய்விடுகின்றன. கரும் தாதுவிலிருந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிக் களித் துகள்களின் மேல் படிகிறது. சிவப்பு நிறம் அப்படி வந்ததுதான். ஈரம் அதிகம் தங்கும் இடங்களில் அதே இரும்பு மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரியும். குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசைவதில்லை, மணலாகத் தங்கிவிடுகிறது. ஓடைகளில் பளபளக்கும் வெள்ளை மணல் அதுதான்.

இதெல்லாம் மிக மெதுவாக நடக்கும் வேலை. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்பது பொதுக் கணக்கு. வெட்டுமுகத்தில் முழங்கை அளவுக்குத் தெரியும் சிவப்பு, நம் வரலாறு எழுதப்படத் தொடங்கியதற்கு முன்பே உருவாகத் தொடங்கியது.

அந்தச் சிவப்புக் களிக்கு ஒரு குறை உண்டு. அதில் பெரும்பங்கு கயோலினைட் என்ற வகை. பயிர்ச் சத்துகளைத் தன் மேல் பிடித்து வைக்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு. கரிசலில் இருக்கும் களி அதைப்போலப் பல மடங்கு பிடிக்கும். ஆகவே சரிவில் பெய்கிற மழை ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கரைத்துக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கிறது. மேலே மண் புளிப்பேறுகிறது. கார அமில நிலை 7-க்குக் கீழே இறங்கி, 6, 5.5 என்று நிற்கிறது. இறங்கிய சுண்ணாம்பு காணாமல் போய்விடுவதில்லை. சமவெளியில் பள்ளமான நிலங்களில், வெயில் நீரை உறிஞ்சிக்கொண்ட பிறகு, வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்களாக உறைகிறது. கரிசல் நிலத்தில் உழும்போது கொழு முனையில் இடறும் சுக்கானும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கிணற்று நீரின் கடினத்தன்மையும், ஒரு வகையில் மேட்டுப் பாறைகளிலிருந்து கரைந்து வந்தவைதான். மலை மண் புளிப்பதும் சமவெளி மண் காரமாவதும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

சரிவு என்பதாலேயே மண் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது. உச்சியிலும் முகட்டிலும் மெல்லிசாக, கல்லும் சரளையுமாக இருக்கும். பல இடங்களில் பாறை தலைகாட்டும். நடுச் சரிவில் செம்மண் ஓரளவு ஆழம் கொள்ளும். அடிவாரத்தில் மேலிருந்து நகர்ந்து வந்ததெல்லாம் சேர்ந்து ஆழமாக, கற்கள் கலந்து, நீர் நன்றாக இறங்கும் மண்ணாகக் கிடக்கும். 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மண் ஆய்வு செய்த ஜெஃப்ரி மில்ன் என்பவர், ஒரே மலைச் சரிவில் உச்சி முதல் பள்ளம் வரை மண் இப்படித் தொடராக மாறுவதைக் கண்டு, அதைச் சங்கிலி என்று பொருள்படும் ஒரு பெயரால் 1935-ல் குறித்தார். ஒரு கண்ணியில் என்ன நடந்தாலும் அடுத்த கண்ணியில் தெரியும் என்பதுதான் அதன் சாரம். வெள்ளோட்டுப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களும், நத்தம் பக்கத்து மாந்தோப்புகளும், மருதாநதிப் பாசனத்தில் இருக்கும் அய்யம்பாளையத்துத் தென்னைகளும் அந்தச் சங்கிலியின் கீழ்க் கண்ணியில் நிற்கின்றன. மேலே இருப்பவர் மண்ணை இழந்தால், கீழே இருப்பவருக்கு முதலில் கொஞ்சம் வண்டல் கிடைக்கும். பிறகு சரளை வந்து சேரும்.

இனி அந்தக் கறுப்புச் சாண்.

நம் வறண்ட இலையுதிர் காடுகளில் ஆண்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 2 முதல் 3 டன் சருகு விழுகிறது. தை, மாசியில் சிறுமலைச் சரிவில் நடந்தால் கால் புதையும். அதை ஓரிடத்தில் விலக்கிப் பாருங்கள். மேல் அடுக்கில் முழு இலை, இன்ன மரத்து இலை என்று சொல்லிவிடலாம். அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய இலைக்கூடு. இன்னும் கீழே வெள்ளை நூல்களாகப் பூஞ்சை ஓடியிருக்கும். இலை என்ற அடையாளமே போய், ஈரமான பழுப்புத் தூளாக இருக்கும். மழை பெய்ததும் எழும் மண்வாசனையும் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களிடமிருந்து வருவதுதான். கரையான், மண்புழு, மரவட்டை, பூஞ்சை, பாக்டீரியா என்று ஒன்று மென்றதை இன்னொன்று மென்று, கடைசியில் இனி எளிதில் சிதையாது என்ற நிலைக்கு வந்த கறுப்புப் பொருள்தான் மட்கு.

மட்கு, களி செய்யத் தவறுவதைச் செய்கிறது. அதே எடையுள்ள கயோலினைட் களியைவிடப் பல மடங்கு சத்தைத் தன்மேல் பிடித்து வைக்கிறது. மண் துகள்களை ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டைகளாக்குகிறது. நல்ல காட்டு மண்ணைக் கையில் அள்ளினால் புட்டுமாவு பதத்தில் இருக்கும்: பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். அந்த உருண்டைகளுக்கு உள்ளேயும் இடையேயும் இருக்கும் இடைவெளிதான் மண்ணின் உண்மையான சொத்து. உழுது உழுது இறுகிப்போன செம்மண் ஒரு கன அடி உலர்ந்த நிலையில் 40 கிலோவுக்கு மேல் நிற்கும். காட்டின் மேல்மண் அதே ஒரு கன அடி 30 கிலோவைத் தாண்டுவதே அரிது. எடையில் குறைந்தது அத்தனையும் காற்றும் நீரும் இருக்க வேண்டிய இடம்.

கரிமச் சத்தைப் பொறுத்தவரை இன்னும் பெரிய வேறுபாடு. 2015 முதல் விவசாயிகளுக்குத் தரப்படும் மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே இருந்தால் அதிகம் என்று குறிப்பார்கள். நம் சமவெளிச் செம்மண் நிலங்கள் பெரும்பாலும் அந்த 0.5-ஐத் தொடாதவை. மலைக்காட்டின் மேல்மண்ணில் 2, 3 விழுக்காடு என்பது சாதாரணம். இன்னும் மேலே, கோடைக்கானல் பக்கத்துச் சோலைக்காடுகளில், அதைவிடவும் அதிகம். அதற்குக் காரணம் குளிர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஆறு டிகிரிக்கு மேல் குறைகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்கின்றன. விழுவது மட்குவதைவிட வேகமாகச் சேர்கிறது. அதனால்தான் சோலை மண் அவ்வளவு கறுப்பு. கூடவே புளிப்பும் மிக அதிகம். அங்கே இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மூட்டை மூட்டையாகச் சூப்பர் பாஸ்பேட் போட்டும் பயிருக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். மலையில் உருளைக்கிழங்கோ கேரட்டோ போடுகிறவர்கள் சுண்ணாம்பு இடுவது இதற்காகத்தான்.

மண்ணின் கட்டமைப்பை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மலைத்தோட்டத்தில் பல ஆண்டுகளாக உழாத மரத்தடியிலிருந்து நெல்லிக்காய் அளவு மண்கட்டி ஒன்று, கீழே உழுத நிலத்திலிருந்து அதே அளவில் ஒன்று எடுத்து, இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவையுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, மெதுவாக உள்ளே விடுங்கள். உழுத நிலத்துக் கட்டி பெரும்பாலும் ஓரிரு நிமிடத்திலேயே கரைந்து அடியில் சேறாகப் பரவிவிடும், தண்ணீர் கலங்கும். மரத்தடிக் கட்டியிலிருந்து காற்றுக் குமிழ்கள் வெளியேறும், ஆனால் கட்டி நிற்கும். வெளியே பெருமழையில் நடப்பதைத்தான் டம்ளரில் பார்க்கிறீர்கள். கரைகிற மண் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பெய்யும் மழை உள்ளே போக வழி இல்லை, ஓடித்தான் ஆக வேண்டும்.

திண்டுக்கல்லுக்கு ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில், சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர் தண்ணீர். ஒரு அடி ஆழக் காட்டு மண்ணில் ஏறத்தாழப் பாதி இடம் துளைகள் என்று வைத்துக்கொண்டால், காய்ந்து கிடக்கும் நிலையில் அது கொள்ளக்கூடியது 15 சென்டிமீட்டர் மழை, அதாவது ஏக்கருக்கு 6 லட்சம் லிட்டர். கல்லுக்கும் ஏற்கெனவே இருக்கும் ஈரத்துக்கும் கழித்துப் பாதியாக்கினாலும் 3 லட்சம் லிட்டர். இந்த நீர் அங்கேயே தங்கிவிடாது. கறுப்பு மண்ணிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து மக்கிய பாறைக்கும் இறங்கி, பாறை வெடிப்புகளில் புகுந்து, வாரங்கள், மாதங்கள் கழித்து அடிவாரத்தில் ஊற்றாகவும் கிணற்று நீராகவும் தலைகாட்டும். நம்முடையது கடும்பாறைப் பூமி. ஆழ்துளைக் கிணறு 800 அடி, 1,000 அடி போனாலும் நீர் இருப்பது மக்கிய பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டும்தான். அவற்றை நிரப்பும் வாய்தான் மலைச் சரிவு.

சிறுமலையில் பிறக்கும் சந்தானவர்த்தினியும், கீழ்ப்பழனி மலைச் சரிவுகளிலிருந்து நீர் பெறும் குடகனாறும் இந்த மண்ணை நம்பித்தான் ஓடுகின்றன. ஆத்தூரில் இருக்கும் காமராசர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகருக்கு நெடுங்காலமாகக் குடிநீர் தந்துவருவது. அதற்கு வரும் நீர் கலங்கல் இல்லாமல், மழை நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தால், மேலே மண் நன்றாக இருக்கிறது என்று பொருள். மழை பெய்த அன்றே செங்காவி நிறத்தில் பெருக்கெடுத்து, மறு வாரமே வறண்டுபோனால், மேலே ஏதோ கெட்டிருக்கிறது. 1977 நவம்பர் பெருமழையில் குடகனாற்று அணை, வழிந்தோடிகள் தாங்காத வெள்ளம் கரைமேல் ஏறி உடைந்தது. அன்று பெய்த மழையை எந்த மண்ணும் முழுதாக விழுங்கியிருக்காது. அதைச் சரிவின் தலையில் போட முடியாது. ஆனாலும் மலையிலிருந்து ஒரே நேரத்தில் இறங்கும் வெள்ளம் எப்படிப்பட்டது என்பதை அந்த அணை இருக்கும் வேடசந்தூர் வட்டாரம் மறக்கவில்லை.

மரம்தான் மண்ணைக் காக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் ஒரு திருத்தம் தேவை. மழைத்துளி மரத்தின் உச்சி இலைகளில் சேர்ந்து பெரிதாகித் திரும்பச் சொட்டும்போது, மரம் உயரமாக இருந்தால், நேரடி மழைத்துளியைவிடக் கடுமையாகவே தரையில் அடிக்கும். பெரிய துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை எட்டும். அந்த அடியைத் தாங்குவது சருகுப் படுகையும் தரையோடு ஒட்டிய செடிகளும்தான். தேக்குத் தோப்பில் இதைப் பார்க்கலாம். பெரிய பெரிய இலைகள், உயரமான மரங்கள், ஆனால் சருகைக் கூட்டியோ எரித்தோ விட்ட தரையில் வேர்கள் வெளியே தெரியும் அளவுக்கு மண் அரித்திருக்கும். மரம் நட்டுவிட்டோம் என்று நிம்மதியடைவதற்கு முன் மரத்தடியைப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் எனக்குக் கோடைத் தீ பெரிய கவலையாக இருக்கிறது. மாசி முதல் சித்திரை வரை காய்ந்த சரிவுகளில் ஆண்டுதோறும் எங்காவது எரிகிறது. இரவில் சமவெளியிலிருந்து பார்த்தால் மலையில் செந்நிற வளைவாக ஓடும். பெரிய மரங்கள் பலவும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஓராண்டுச் சருகு ஒரு மணி நேரத்தில் சாம்பலாகிறது. சாம்பலில் இருக்கும் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் மண்ணின் புளிப்பைக் கொஞ்ச நாளுக்குக் குறைக்கும்; முதல் மழைக்குப் புல் பச்சைப்பசேலென்று கிளம்பும். அதைப் பார்த்து, எரிப்பது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சருகில் இருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாகப் போய்விட்டது. எரிந்த இலைகளின் மெழுகுப்பொருள் ஆவியாகி மண்ணுக்குள் சிறிது ஆழத்தில் படிந்து, சில இடங்களில் தண்ணீர் ஒட்டாத ஓர் அடுக்கையே உண்டாக்கிவிடும். அடுத்த மழையில் சாம்பலும் சத்தும் சேர்ந்து ஓடைக்குப் போகின்றன. இப்படி அடிக்கடி எரிந்த இடத்தில் உண்ணிச்செடி மண்டுகிறது. அது காய்ந்தால் மறுபடி எரிவதற்கு அதுவே விறகு.

அந்த ஒரு சாண் மண்ணை நம்பி மனிதன் வாழ முடியாதா? முடியும், சிறுமலையே சாட்சி. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்குப் போகும் வழியில் பாண்டியனின் சிறுமலை வருகிறது. வாழை, கமுகு, தென்னை, மா, பலா சூழ்ந்த மலையாக அது சொல்லப்படுகிறது. இன்றும் பலாவும் வாழையும் எலுமிச்சையும் காப்பியும் மிளகும் அங்கே விளைகின்றன. சிறுமலை வாழைக்கும் விருப்பாட்சி வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. மலைவாழையைப் பயிரிட்ட பழைய முறையைக் கவனித்தால் மண்ணைப் புரிந்தவர்கள் செய்த வேலை தெரியும். காட்டை மொட்டையடிக்காமல் நிழல் மரங்களை விட்டு, இடையிடையே குழி எடுத்து நடுவார்கள். ஏர் பூட்டுவதில்லை. தார் வெட்டியதும் மரத்தை அங்கேயே சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றை வளர்ப்பார்கள். ஒரே தோட்டம் பல பத்து ஆண்டுகள் நிற்கும். விளைந்த தாரைக் குதிரை முதுகில் ஏற்றி ஒற்றையடிப் பாதையில் இறக்கினார்கள். சாலை தேவைப்படாத, சரிவை வெட்டாத போக்குவரத்து அது. பிறகு முடிக்கொத்து நோய் வந்து தோட்டங்களை அழித்தது. அது அசுவினி பரப்பும் வைரஸ். மண்ணின் குற்றம் இல்லை.

மண் கெட்டுப்போவது வேறு வழியில். சரிவை முழுதாக வெட்டி வெயில் படவிட்டு, மேலும் கீழுமாக உழுது, ஓராண்டுப் பயிர் போடும்போது முதலிரண்டு வருடம் விளைச்சல் அமோகமாக இருக்கும். காடு நூற்றாண்டுகளாகச் சேர்த்த மட்கு வெயிலும் காற்றும் பட்டு வேகமாகச் சிதைந்து, இருந்த சத்தை எல்லாம் ஒரேயடியாக விடுவிப்பதால் வரும் விளைச்சல் அது. விவசாயி மண் நல்ல மண் என்று நினைப்பார். மூன்றாம், நான்காம் ஆண்டில் உரம் கேட்கத் தொடங்கும். அப்போது மேலே இருப்பது கறுப்பு இல்லை, சிவப்பு. மழைக்காடுகள் வெட்டப்பட்ட அமேசானிலும் இதே கதைதான். அங்கேயும் மரங்களின் செழிப்பைப் பார்த்து மண்ணின் செழிப்பு என்று எண்ணி ஏமாந்தார்கள். இந்தியா முழுமைக்கும் 1983-ல் துருவ நாராயணாவும் ராம் பாபுவும் போட்ட கணக்கு ஒன்று இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆண்டுக்கு 533 கோடி டன் மண் அரிக்கப்படுகிறது, அதில் 29 விழுக்காடு கடலுக்கும் 10 விழுக்காடு அணைகளுக்கும் போகிறது, மற்றது இடம் பெயர்ந்து கிடக்கிறது என்றார்கள். அணைக்குள் போகும் ஒவ்வொரு டன்னும் நீர் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது.

சரிவு மண்ணின் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. விடாத மழையில் துளைகள் எல்லாம் நிரம்பி, அடியில் இருக்கும் பாறைமேல் நீர் தேங்கினால், மேலே உள்ள மண் மொத்தமாக நழுவத் தயாராகும். வேர்கள் பிடித்திருக்கும் வரை நழுவாமல் நிற்கலாம். சாலைக்காகவோ கட்டடத்துக்காகவோ சரிவின் காலை வெட்டிவிட்டால் பிடிமானம் குறைகிறது. கோடைக்கானல் மலைச் சாலையில் பருவமழைதோறும் மண் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தபோது, செங்குத்தான சரிவும் ஆழமான மண்ணும் பெருமழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. சிறுமலையின் மண் பொதுவாக அவ்வளவு ஆழமானது அல்ல, மழையும் குறைவு. ஆனால் வெட்டிய சரிவு எங்கும் வெட்டிய சரிவுதான்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இந்த மண்ணோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. செடி விற்கிற இடங்களில் கறுப்பு மண் மூட்டையைக் காட்டி, “அசல் மலைக்காட்டு மண்ணுங்க, ரோஜாவுக்கு இதைப் போட்டா வேற உரமே வேணாம்” என்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். காப்புக்காட்டிலிருந்து மண் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். தொட்டியில் கொட்டிய அந்த மண்ணுக்கு மேலே சருகு விழப்போவதில்லை, பூஞ்சை நூல்கள் அறுந்துவிட்டன. நம் வெயிலில் ஓரிரு வருடத்தில் அதன் கறுப்பு கரைந்துவிடும். ஒரு மூட்டைக்காகச் சரிவில் ஒரு சதுர மீட்டரோ அதற்கு மேலோ சுரண்டியிருப்பார்கள். அந்த இடம் திரும்பக் கறுப்பாக நம் ஆயுள் போதாது.

அதற்குப் பதில் இலைமக்கு வீட்டிலேயே செய்யலாம். வேம்பு, புங்கன், மா, பூவரசு என்று எந்தச் சருகானாலும் எரிக்காமல் நிழலில் குவித்து, அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் சாணக்கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஆறேழு மாதத்தில் கறுத்து உதிரும். செம்மண் இரண்டு பங்கு, இந்த இலைமக்கு ஒரு பங்கு, மணல் கொஞ்சம் கலந்தால் தொட்டிக்குப் போதும். நிலம் உள்ளவர்கள் கோடையில் அனுமதி பெற்றுக் குளத்து வண்டல் அடிக்கலாம். மலையிலிருந்து இறங்கிய களியும் மட்கும் அதில் கொஞ்சமாவது இருக்கிறது. மணற்பாங்கான செம்மண்ணுக்கு அது பொருத்தமான மருந்து.

மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் குழி எடுத்து, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பக்கவாட்டில் சீவி எடுக்க வேண்டும். சரிவின் மேல், நடு, அடி மூன்றையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. மூன்றும் மூன்று மண், மூன்று பைகளில் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, கால் பிரித்துக் கழித்து, அரைக் கிலோ கொடுத்தால் போதும். மரப்பயிர் என்றால் 30, 60, 90 சென்டிமீட்டர் ஆழங்களிலும் தனி மாதிரி தேவைப்படும். அட்டை கைக்கு வந்ததும் தழை, மணி, சாம்பல் எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள்: கார அமில நிலையும் அங்ககக் கரிமமும். முதலாவது 5.5-க்குக் கீழே இருந்தால் எவ்வளவு சுண்ணாம்பு இட வேண்டும் என்று அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே சமவெளிக்கு எழுதும் உரப் பரிந்துரையை அப்படியே மலைக்குப் பின்பற்றினால் போட்ட மணிச்சத்து வீண். இரண்டாவது எண்ணைக் குறித்து வைத்து, மூன்று ஆண்டு கழித்து அதே இடத்தில் எடுத்த மாதிரியோடு ஒப்பிடுங்கள். 2.5 இருந்தது 1.8 ஆகியிருந்தால், விளைச்சல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், களை வெட்டுவதையும் சருகு கூட்டுவதையும் உடனே குறைத்தாக வேண்டும்.